ஓடிப்போன வண்டியைக் காட்டிக் கொடுக்கும் ஒளி

திருச்சியில் பிறந்து உலகப் புகழ் பெற்ற சர் சி.வி. ராமன் வரலாறு

கொட்டிவாக்கம், சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள ஊர். திருவான்மியூரைத் தாண்டினால் வந்துவிடும். கிழக்கே வங்கக் கடல். கரையில் மீனவர் குப்பம். அதற்குச் சிறிது தூரத்திலேயே கிழக்குக் கடற்கரைச் சாலை. இரவு பகல் என்று இல்லாமல் அந்தச் சாலையில் மோட்டார்கள் பறந்துகொண்டே இருக்கும்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

விடியற்காலை நாலு மணி. மீன் ஏலத்துக்குப் போகும் ஒருவர் சைக்கிளில் சாலையைக் கடக்கிறார். எங்கிருந்தோ வந்த வண்டி ஒன்று அவர் மீது மோதுகிறது. நிற்காமல் போய்விடுகிறது. நம்பரைப் பார்த்தவர் யாரும் இல்லை. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியிலேயே உயிர் பிரிந்துவிடுகிறது. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள்.

சாலையில் மிச்சம் இருப்பது என்ன? வளைந்த சைக்கிள். சில கண்ணாடித் துண்டுகள். சைக்கிளின் பின்பக்க மட்கார்டில் கடுகளவு வெள்ளைப் பெயிண்ட்.

இந்தக் கடுகளவு பெயிண்டில் ஒரு குடும்பத்தின் கதி அடங்கியிருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

மோதிய வண்டி எது என்று தெரிந்தால், அந்தக் குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குகள் நடக்கின்றன. இறந்தவரின் வயது என்ன, வருமானம் என்ன, அவரை நம்பி எத்தனை ஜீவன்கள் என்று பார்த்து நீதிபதி தொகையைத் தீர்மானிப்பார். அதை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். வண்டி எது என்று தெரியாமலே போய்விட்டால், அவர் எவ்வளவு சம்பாதித்தவராக இருந்தாலும், சர்க்கார் திட்டப்படி 2 லட்சம் ரூபாய்தான். அதுவும் 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல்தான். அதற்கு முன் 25 ஆயிரம்!

ஆகவே, அந்தப் பெயிண்ட் துணுக்கு வாய் திறந்து பேச வேண்டும். வாய் இல்லாத பொருளைப் பேச வைக்கும் வித்தைகளில் மிகச் சிறந்த ஒன்றைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர். அவர் மோட்டார் விபத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் அல்ல. போலீஸ் இலாகாவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார், அவ்வளவுதான்.

அவர்தான் சர் சந்திரசேகர வெங்கட ராமன்.

வாத்தியார் வீட்டுப் பிள்ளை

1888-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ந்தேதி ராமன் திருச்சியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாவது. தந்தை பள்ளி ஆசிரியர். சம்பளம் குறைவு. ஆனால் வீடு நிறையப் புத்தகங்கள். அவருக்குப் பிடில் வாசிக்கவும் தெரியும். வீட்டில் விஞ்ஞானமும் சங்கீதமும் சேர்ந்தே இருந்தன. பிற்காலத்தில் ராமன் இரண்டையும் விடவில்லை.

ராமனுக்கு நாலு வயது இருக்கும்போது தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி உத்தியோகம் கிடைத்தது. கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் வேலை. குடும்பம் அங்கே போயிற்று. அதுவும் கடற்கரை ஊர்தான்.

ராமன் படிப்பில் புலி. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த வயதில் ஆறாம் வகுப்பில் இருப்பார்கள்! பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தார். உடம்பு மெலிந்து, உயரம் குறைந்து, சின்னப் பையனாக இருந்தார். வழி தவறி வந்து உட்கார்ந்துவிட்டானோ என்று பேராசிரியர் ஒருவர் சந்தேகப்பட்டு விசாரித்தாராம். 1904-ம் ஆண்டு பி.ஏ. பரீட்சையில் அந்தப் பையன்தான் முதலாவதாகத் தேறினான். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

மாநிலக் கல்லூரி கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அந்தச் சாலைக்கு இப்போது காமராசர் சாலை என்று பெயர். வாசலில் நின்றால் எதிரே கடல். அந்தக் கல்லூரியின் ஆராய்ச்சி அறையில் ராமன் தம் இஷ்டப்படி பரிசோதனைகள் செய்தார். ஜோன்ஸ் என்ற பௌதிகப் பேராசிரியர் அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டார். ஆசிரியர் செய்யக்கூடிய உபகாரங்களில் இதுவும் பெரிய உபகாரம்தான்.

ஒரு நாள் கல்லூரிக் கருவி ஒன்றில் ஒளி சாய்வாக விழும்போது, இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டிய ஒளிப் பட்டைகள் சமமாக இல்லாததை அவர் கவனித்தார். மற்றவர்கள் கருவி கோளாறு என்று விட்டிருப்பார்கள். ராமன் விடவில்லை. காரணத்தை ஆராய்ந்து எழுதி லண்டன் விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். 1906-ம் ஆண்டு நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. எழுதியவருக்கு வயது 18. கல்லூரி மாணவர்.

கணக்கு ஆபீசர்

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்ற யோசனை எழுந்தது. சென்னையில் வெள்ளைக்கார டாக்டர் பரிசோதித்தார். இந்த உடம்பு அந்த ஊர்க் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அந்த யோசனை அத்துடன் நின்றது. (அந்த உடம்புதான் பிறகு 82 வயது வரை உழைத்தது.)

அந்த நாளில் நம் நாட்டில் விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க வழி இல்லை. எனவே ராமன் சர்க்கார் நிதி இலாகாப் பரீட்சை எழுதினார். அதிலும் முதல் இடம். 1907-ம் ஆண்டு கல்கத்தாவில் துணைக் கணக்குத் தலைவர் வேலை. பெரிய உத்தியோகம். அதே ஆண்டு லோகசுந்தரி அம்மாளை மணந்தார். வரதட்சணை வாங்கவில்லை. அந்த அம்மாள் வீணை வாசிப்பார்.

கல்கத்தாவில் ஒரு நாள் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்தார் ராமன். பௌபஜார் தெருவில் ஒரு பலகை கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ம் ஆண்டு ஏற்படுத்திய கழகம் அது. கட்டடம் இருந்தது. கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை! ராமன் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசு பாபு. அன்று முதல் பல ஆண்டுகள் அவர் ராமனுக்கு உதவியாளராக இருந்தார்.

அப்புறம் ராமன் நடத்திய வாழ்க்கையைப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கழகம். ஒன்பதே முக்காலுக்கு வீட்டுக்கு ஓட்டம். குளியல், சாப்பாடு, ஆபீஸ். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து நேரே கழகம். இரவு ஒன்பது பத்து மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் கழகம்தான். பத்து ஆண்டுகள் இப்படி! இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். மறுபடி கல்கத்தா வந்துவிட்டார். லோகசுந்தரி அம்மாளின் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்தக் காலத்தில் பிடில், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தை ஆராய்ந்தார். மேல்நாட்டுப் பறைகளில் ஓசைதான் எழும். நம் மிருதங்கத்திலும் தபலாவிலும் சுருதி சேர்ந்த நாதம் எழுகிறது. காரணம், தோலின் நடுவே இருக்கும் கறுப்புப் பூச்சு என்று 1920-ல் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

1917-ம் ஆண்டு கல்கத்தா சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். சம்பளம் கணக்கு இலாகாவில் வாங்கியதில் ஏறக்குறைய பாதி. ராமன் தயங்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. பயிற்சிக்காகப் போக முடியாது என்று ராமன் மறுத்துவிட்டார். விதியைத்தான் தளர்த்தினார்கள்.

கப்பலில் ஒரு கேள்வி

1921-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் நடந்த சர்வகலாசாலைகள் மகாநாட்டுக்குப் போனார். மேல்நாட்டுக்கு அதுவே முதல் பிரயாணம். திரும்பி வரும் வழி மத்தியதரைக் கடல். நர்குண்டா என்ற கப்பல். மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்தார். ஆழ்ந்த நீலம்!

கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்று ரேலி பிரபு என்ற ஆங்கில விஞ்ஞானி சொல்லியிருந்தார். உலகம் அதை ஒப்புக்கொண்டிருந்தது. ராமன் பையில் ஒரு சின்னப் பட்டகக் கண்ணாடி இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அது தடுத்துவிடும். அதன் வழியாகப் பார்த்தார். வானத்தின் பிரதிபிம்பம் மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை. முன்னைவிடச் செழிப்பாகத் தெரிந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்கே உரியது. தண்ணீரின் நுண்ணிய மூலக்கூறுகள் வெளிச்சத்தைச் சிதற அடிக்கின்றன. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும்போதே பத்திரிகைக்குக் கடிதம் தயார்.

அந்தக் கேள்வி ராமனை ஏழு ஆண்டுகள் விடவில்லை. வெளிச்சம் தண்ணீரில் சிதறினால், மற்றத் திரவங்களில்? பனிக்கட்டியில்? கல்லில்? சிதறிய வெளிச்சம் போன வெளிச்சம்தானா, அல்லது வழியில் ஏதாவது மாறுகிறதா? சீடர்கள் பலர் இதில் இறங்கினார்கள். ராமநாதன் என்ற சீடர் 1923-லேயே மங்கலாக ஒரு புது வெளிச்சத்தைக் கண்டார். திரவத்தில் அழுக்கு இருக்கிறது என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள். அது போகவில்லை.

கடைசியில் கே.எஸ். கிருஷ்ணன் துணை நின்றார். வத்திராயிருப்பில் பிறந்த தமிழர். 1928-ம் ஆண்டு தொடக்கத்தில் இருவரும் சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள். சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடி வில்லையால் குவித்து, நீல நிறத்தை மட்டும் வடிகட்டித் திரவத்துக்குள் விட்டார்கள். வெளியே வரும் வெளிச்சத்தில் நீலத்தை அடைத்துவிடும் இன்னொரு கண்ணாடியை வைத்தார்கள். நீலம் போனது நீலமாகவே வந்தால் இருட்டுதான் தெரிய வேண்டும். இருட்டு தெரியவில்லை. வெளிச்சம் தெரிந்தது!

பிறகு பாதரச விளக்கை வைத்துப் பார்த்தார்கள். போன நிறத்துக்குப் பக்கத்தில், போகாத நிறங்கள் கோடு கோடாக வந்து நின்றன. அது 1928 பிப்ரவரி 28-ந்தேதி. கருவிகளுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். 1987-ம் ஆண்டு முதல் நம் நாட்டில் அந்த நாளைத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

பறிபோன மேல்துண்டு

இதை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நுழைந்து வெளியே வருகிறவர்களைப் பாருங்கள். எல்லாரும் போனபடியே வருவார்கள். எங்கேயோ ஒருவர் மட்டும் மேல்துண்டைப் பறிகொடுத்துவிட்டு வருவார். ஒளியும் அப்படித்தான். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளி, பெரும்பாலும் போன நிறத்திலேயே திரும்பும். ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டும் தன் சக்தியில் கொஞ்சம் இழந்து நிறம் மாறி வரும். சில சமயம் கொஞ்சம் அதிகம் பெற்றும் வரும்.

எவ்வளவு இழக்கும்? அங்கேதான் அதிசயம். அந்தப் பொருளின் மூலக்கூறுகள் தமக்கென்று உள்ள அதிர்வுகளில் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. மிருதங்கத்துக்கு ஒரு நாதம், கடத்துக்கு ஒரு நாதம் என்பதுபோல. அந்த அதிர்வுக்குத் தக்கபடிதான் ஒளி இழக்கும். தண்ணீர் என்றால் ஓர் அளவு. சாராயம் என்றால் வேறு அளவு. வைரம் என்றால் இன்னொன்று. ஆகவே திரும்பி வந்த ஒளியின் கோடுகளைப் பார்த்தால், அது எந்தப் பொருளில் பட்டு வந்தது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை மாதிரி.

ருஷ்யாவிலும் இரண்டு விஞ்ஞானிகள் அதே ஆண்டில் இதைப் படிகக் கற்களில் கண்டார்கள். ராமன் முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார். 1929-ல் சர் பட்டம் கிடைத்தது. 1930-ல் நோபல் பரிசு. பரிசு தமக்குத்தான் என்று அவருக்கு எவ்வளவு நிச்சயம் தெரியுமா? அறிவிப்பு வந்தது நவம்பரில். ஜூலையிலேயே கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார். தமக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று!

விஞ்ஞானத்தில் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. ஸ்வீடன் தலைநகரில் சாராயத்தை வைத்துத் தம் கண்டுபிடிப்பைச் செய்து காட்டினாராம். பிறகு விருந்தில் மதுவை நீட்டினார்கள். தொடவில்லை என்று சொல்வார்கள்.

கிருஷ்ணனுக்கும் அந்தப் பரிசில் பங்கு கொடுத்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித் தோன்றுவதுண்டு. ஆனால் கேள்வியை எழுப்பி, ஏழு வருஷம் விடாமல் துரத்தியவர் ராமன் என்பதில் சந்தேகம் இல்லை.

பெங்களூர் நாட்கள்

1933-ல் ராமன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அங்கே சண்டை வந்தது. ராமன் முன்கோபக்காரர். வளைந்து கொடுக்கத் தெரியாதவர். 1937-ல் தலைவர் பதவியை விட்டுவிட்டுப் பேராசிரியராக மட்டும் இருந்தார். பிறகு தம் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டி அதிலேயே வசித்தார். 1954-ல் பாரத ரத்னா பட்டம். ராஜாஜிக்கும் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கும் அதே ஆண்டுதான் கிடைத்தது. வைரங்களையும் வண்ணக் கற்களையும் சேர்த்துவைத்து, வருகிறவர்களுக்குக் குழந்தைபோல் காட்டி மகிழ்வார். கடைசிக் காலத்தில் ரோஜாப் பூக்களின் நிறத்தை ஆராய்ந்தார்.

1970-ம் ஆண்டு உடல் நலம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே சாக அவருக்கு மனம் இல்லை. தம் நிலையத்துக்கே திரும்பி வந்தார். நவம்பர் 21-ந்தேதி காலமானார். சடங்கு எதுவும் இல்லாமல் நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.

அவர் காலத்தில் இந்த ஒளிச் சோதனை பெரிய சிரமம். நிறம் மாறி வரும் ஒளி மிக மிக மங்கல். அதைப் போட்டோ பிடிக்க மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1960-ல் அமெரிக்காவில் லேசர் விளக்கு பிறந்தது. ஒரே நிறத்தில், ஊசி முனைபோல் கூர்மையான வெளிச்சம். அதை மைக்ராஸ்கோப்புடன் சேர்த்தார்கள். நாட்கணக்கு வேலை நிமிஷக் கணக்காயிற்று. கடுகில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் போதும் என்றாயிற்று. அப்போதுதான் உலகெங்கும் தடய அறிவியல் கூடங்களின் கண் ராமன் பக்கம் திரும்பியது.

பெயிண்ட் பேசுகிறது

இப்போது கொட்டிவாக்கத்துக்குத் திரும்புவோம்.

போலீசார் அந்த மட்கார்டைக் காகிதத்தில் சுற்றி, சீல் வைத்து, தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே துணுக்கை முதலில் மைக்ராஸ்கோப்பில் குறுக்கு வெட்டாகப் பார்ப்பார்கள். மோட்டார் பெயிண்ட் ஒரே பூச்சு அல்ல. துருப் பிடிக்காமல் இருக்க அடியில் ஒரு பூச்சு. அதற்கு மேல் பிரைமர். பிறகு நிறம். அதன் மேல் பளபளப்புக்கு நிறமில்லாத பூச்சு. எங்கேயாவது இடித்துப் பட்டறையில் டிங்கர் வேலை செய்து, பட்டி பூசி, மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால் அடுக்குகள் கூடிவிடும். அது அந்த வண்டியின் ஜாதகம் போல. இன்னொரு வண்டியில் அதே வரிசை இருப்பது அபூர்வம்.

பிறகு லேசர். ஒவ்வோர் அடுக்கின் மேலும் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் கோடுகளைப் பார்க்கிறார்கள். நம் கண்ணுக்கு வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளைதான். வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் ஆக்சைடு என்ற பொடியைக் கலக்கிறார்கள். அதில் ரூட்டைல் என்று ஒரு வகை, அனடேஸ் என்று ஒரு வகை. இரண்டும் ஒரே ரசாயனப் பொருள். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. வெயிலைத் தாங்க வேண்டும் என்பதால் மோட்டாருக்கு ரூட்டைல் வகையைச் சேர்ப்பார்கள். சுவருக்கு அடிக்கும் மலிவான பெயிண்டில் அனடேஸ் கலப்பதுண்டு. கண்ணால் பிரிக்க முடியாத இந்த இரண்டையும் ராமன் கோடுகள் சுலபமாகப் பிரித்துவிடும். துணுக்கும் கரைந்து வீணாகாது. பத்திரமாக எடுத்து வைத்து, கோர்ட்டில் மறுபடி சோதிக்கச் சொன்னாலும் சோதிக்கலாம்.

சந்தேகத்தின் பேரில் இரண்டு வெள்ளை வேன்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் முன்பக்கம் அடி பட்டிருக்கிறது. முதல் வேனின் டிரைவர் தம் வண்டி வீட்டு காம்பவுண்டுச் சுவரில் இடித்ததாகச் சொல்கிறார். யார் நம்புவார்கள்? சோதனையில் அவர் வண்டியின் பெயிண்ட் கோடுகள் துணுக்கின் கோடுகளோடு பொருந்தவில்லை. வண்டி முகப்பில் ஒட்டியிருந்த பொடியோ சுவர்ப் பெயிண்டாக இருக்கிறது. அவர் சொன்னது உண்மை! சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு அல்லவா?

இரண்டாவது வேனின் பெயிண்ட் பொருந்துகிறது. அடுக்கு வரிசையும் பொருந்துகிறது. இதனால் மட்டும் முடிவு கட்டிவிட மாட்டார்கள். ஒரே தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு அதே பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஆகவே துணுக்கின் ஓரம் வேனில் பெயர்ந்த இடத்தோடு பொருந்துகிறதா, சைக்கிளின் பெயிண்ட் வேனில் ஒட்டியிருக்கிறதா, சாலையில் கிடந்த கண்ணாடி அந்த விளக்கினுடையதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சில பெயிண்டுகள் லேசர் பட்டதும் தாமே ஒளிவிட்டு ராமன் கோடுகளை மூழ்கடித்துவிடும். அப்போது வேறு சோதனைகளும் துணைக்கு வர வேண்டும்.

தவறு யாருடையது?

வண்டி கிடைத்துவிட்டது. ஆனால் மோதிய வண்டி என்பது வேறு, தவறு செய்த வண்டி என்பது வேறு. சைக்கிள்காரரே திடீரென்று குறுக்கே வந்திருந்தால்? இரண்டு பேர் மீதும் தவறு இருந்தால், சைக்கிள்காரரின் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டில் குறைத்துவிடுவார்கள். ஆகவே இதையும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

போலீசார் சாலையை டேப் பிடித்து அளந்து படம் வரைகிறார்கள். சைக்கிள் எங்கே கிடந்தது, கண்ணாடி எங்கே சிதறியது, டயர் தேய்ந்த கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? காய்ந்த தார் ரோட்டில் பிரேக் போட்டு 20 மீட்டர் நீளத்துக்கு டயர் தேய்ந்து வண்டி நின்றிருந்தால், அது ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம். 40 மீட்டர் என்றால் 120 அல்ல, சுமார் 84-தான். வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி நீளம் கூடும் என்பது கணக்கு. மழை பெய்திருந்தால் கணக்கு மாறும். சக்கரம் பூட்டிக்கொள்ளாத புது மாதிரிப் பிரேக் உள்ள வண்டிகளில் கோடே சரியாக விழாது. கோடே இல்லாவிட்டால் டிரைவர் பிரேக்கை மிதிக்கவே இல்லையோ என்ற கேள்வியும் எழும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஜனங்கள் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கிறார். பிரேக் பிடிக்கிறதா, டயர் வழுக்கையா, ஸ்டியரிங் சரியா என்று எழுதித் தருகிறார். விடியற்காலை இருட்டில் விளக்கு எரிந்ததா? இதற்கும் சாட்சி உண்டு. பழைய மாதிரி பல்பாக இருந்தால், எரிந்துகொண்டிருக்கும்போது மோதினால் சூடான கம்பி நீண்டு வளைந்துவிடும். அணைந்திருந்தால் குளிர்ந்த கம்பி பட்டென்று ஒடியும். உடைந்த பல்பின் கம்பியில் கண்ணாடி உருகி ஒட்டியிருந்தால், விளக்கு எரிந்துகொண்டிருந்தது நிச்சயம். இக்காலத்து எல்.இ.டி. விளக்கில் இந்தச் சாட்சி கிடைக்காது. அதற்குப் பதிலாகச் சாலையோரக் கடைகளின் காமிராக்கள் இருக்கின்றன.

சைக்கிளின் பின்பக்க மட்கார்டில் பெயிண்ட் ஒட்டியிருந்தது என்று முதலில் சொன்னேன். அதற்கும் அர்த்தம் உண்டு. குறுக்கே பாய்ந்த சைக்கிளுக்குப் பெரும்பாலும் பக்கவாட்டில் அடி படும். பின்பக்கம் அடி பட்டிருந்தால், சைக்கிள் கடந்து முடிக்கும் நேரத்திலோ அல்லது சாலையோடு போய்க்கொண்டிருக்கும்போதோ வண்டி வந்து மோதியிருக்க வேண்டும். டிரைவருக்கு முன்னால் பார்க்க நேரம் இருந்திருக்கிறது. வழக்கில் இது பெரிய விஷயம்.

தமிழ்நாடு தடய அறிவியல் துறை சென்னை மயிலாப்பூரில், காமராசர் சாலையில் இருக்கிறது. ராமன் படித்த மாநிலக் கல்லூரியும் அதே சாலையில்தான், சற்று வடக்கே சேப்பாக்கத்தில் இருக்கிறது. கடற்காற்று வாங்கிக்கொண்டே ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போய்விடலாம்.